ஏ-504, மூன்றாவது டீடெயில்: ஒரு கட்டடக்கலை அலுவலகம் ஷீட் செட் மேனேஜருக்கு மாறிய விதம்

கோவை–பொள்ளாச்சி சாலையில் ஒரு கல்லூரி விடுதி. தரைத்தளமும் அதன்மேல் மூன்று தளங்களும். இரண்டாம் தளத்தின் தரையாக அமையப்போகும் ஸ்லாபுக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டி முடித்திருந்தார்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியைச் சரிபார்க்க வந்த ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், துணி துவைக்கும் பகுதிக்கு நேராக நின்று, "இங்க எதுக்குங்க இவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். அந்த இடத்தில் ஸ்லாப் 150 மி.மீ. மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும். பலகை 300 மி.மீ. ஆழத்துக்கு அடிக்கப்பட்டிருந்தது. அது குளியலறைக்கு உரிய ஆழம்.

கான்கிரீட் விழவில்லை என்பதால் தப்பித்தது. ஆனால் பலகையைப் பிரித்து மறுபடி அடிக்க வேண்டும். அந்த ஆழத்துக்கென்று வளைத்த கம்பிகளையும் மாற்ற வேண்டும். யார் பணம் கொடுப்பது என்று ஒப்பந்தக்காரரும் கட்டடக்கலை அலுவலகமும் இழுபறி செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்த அலுவலகத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை வைத்து வேலை செய்யும் சிறிய அலுவலகங்களுக்குக் கோப்பு ஒழுங்கும் வரைபடத் தரமும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இவர்கள் ஏழு பேர். அலுவலகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். மற்றதை எழுதலாம் என்றார்கள். டிராயிங் தாள்களின் எண்களை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஆட்டோகேடுக்குள்ளேயே இருக்கும் ஷீட் செட் மேனேஜர் என்ற கருவிக்கு அவர்கள் மாறிய கதை இது.

தவறு எங்கே நடந்தது

சைட் இன்ஜினியர் டிராயிங்கைத் தவறாகப் படித்தார் என்பதுதான் எல்லோரும் முதலில் சொன்னது. அவர் சரியாகத்தான் படித்திருந்தார். ஸ்ட்ரக்சரல் டிராயிங்கில் 'சங்கன் ஆழத்துக்கு ஆர்க்கிடெக்ட் டிராயிங் பார்க்க' என்று இருந்தது. சங்கன் என்பது இப்படித் தாழ்த்திப் போடும் ஸ்லாப். ஆர்க்கிடெக்டின் இரண்டாம் தளப் பிளானில், துவைக்கும் பகுதியின் மேல் ஒரு குமிழி, அதாவது எந்த ஷீட்டில் எந்த டீடெயிலை (விவரப் படத்தை) பார்க்க வேண்டும் என்று சுட்டும் வட்டக்குறி. குமிழியின் மேல்பாதியில் 3, கீழ்ப்பாதியில் ஏ-504. அவர் ஏ-504ஐ எடுத்தார், மூன்றாவது டீடெயிலைப் பார்த்தார். அதில் 300 மி.மீ. என்று தெளிவாக எழுதியிருந்தது.

முந்தைய வெளியீட்டில் ஏ-504 வேறு ஷீட்டாக இருந்தது. இடையில், சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் விவரம் தனி ஷீட்டாக வேண்டும் என்று கல்லூரி நிர்வாகம் கேட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபிறகு கல்வி நிறுவனங்கள் இதில் கவனமாக இருக்கின்றன, அது நல்லதுதான். அந்த ஷீட்டை ஏ-503 என்று நடுவில் நுழைத்தார்கள். பழைய 503 இப்போது 504 ஆனது, பழைய 504 இப்போது 505. ஷீட்டின் எண்ணும் தலைப்பும் எழுதியிருக்கும் கட்டமான டைட்டில் பிளாக்குகளில் எண்ணை மாற்றினார்கள். எக்ஸலில் இருந்த டிராயிங் பட்டியலையும் மாற்றினார்கள். தரைத்தளப் பிளானிலும் முதல்தளப் பிளானிலும் குமிழிகளைத் தேடித்தேடித் திருத்தினார்கள். இரண்டாம் தளத்தில் மூன்று குமிழிகள் விட்டுப்போயின. துவைக்கும் பகுதியின் குமிழி அவற்றில் ஒன்று.

அலுவலகத்தின் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோகேட் ஆர்14 காலத்திலிருந்து வரைகிறவர், அதாவது 1997இல் வந்த பதிப்பு. கை சுத்தமானவர். ஒரு கோடு ஒட்டாமல் நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று அந்த மூன்று குமிழிகளைத் தவறவிட்டவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. நான் முதல் வேலையாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'ஏ-504' என்ற அந்த எண் அலுவலகத்தில் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று பட்டியல் போடச் சொன்னேன். டைட்டில் பிளாக், பிளான்களில் உள்ள குமிழிகள், எக்ஸல் பட்டியல், டி.டபிள்யூ.ஜி. என்ற ஆட்டோகேட் வரைபடக் கோப்பின் பெயர், பி.டி.எஃப். கோப்பின் பெயர், சைட்டுக்கு அனுப்பும் கடிதம். ஆறு இடம். ஆறும் கையால் அடித்தவை. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பது தெரியாது. இப்படியொரு அமைப்பில் எவ்வளவு கவனமான மனிதரை உட்கார வைத்தாலும் என்றைக்கோ ஒருநாள் மூன்று குமிழி விட்டுப்போகத்தான் செய்யும்.

முதலில் எடுத்த கருவி

அலுவலகத்தில் இளைய ஆர்க்கிடெக்ட் ஒருவர், கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக வரையும் ரெவிட் என்ற மென்பொருளைக் கல்லூரியில் படித்து வந்தவர். "ரெவிட்டுல இந்தப் பிரச்சினையே வராது சார்" என்றார். உண்மை. ரெவிட்டில் செக்‌ஷன் குமிழிக்குள் ஷீட் எண் தானாக வந்து உட்காரும், யாரும் அடிப்பதில்லை. ஆனால் பாதி கட்டி முடித்த விடுதியை ரெவிட்டில் மறுபடி வரைய யாருக்கும் நேரமில்லை, ஏழு பேருக்கு உரிமம் வாங்கவும் அப்போது பணமில்லை.

நான் வருவதற்கு முன்பே அவர்கள் வேறொன்றை முயன்று கைவிட்டிருந்தார்கள். ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் இருக்கும் பிராஜெக்ட் நேவிகேட்டர். 2019 பதிப்பிலிருந்து, முழு ஆட்டோகேட் சந்தா வைத்திருப்பவர்களுக்கு ஆர்க்கிடெக்சர் தொகுப்பும் சேர்த்தே கிடைக்கிறது. அதனால் செலவில்லாமல் கையில் இருந்தது. அந்தக் கருவியின் தர்க்கம் அழகானது. கட்டடத்தை முதலில் தளங்களாகவும் பிரிவுகளாகவும் வகுத்து, ஒவ்வொரு தளத்துக்கும் மட்டமும் உயரமும் கொடுக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பொருள்கள், விடுதியில் என்றால் ஒரே மாதிரியான அறை, ஒரே மாதிரியான கழிப்பறை, எலிமென்ட் ஆகும். ஒரு தளத்துக்கே உரிய சுவரும் தூணும் கன்ஸ்ட்ரக்ட் ஆகும். கன்ஸ்ட்ரக்ட்களைச் சேர்த்தால் வியூ. வியூக்களைத் தாளில் வைத்தால் ஷீட். யோசித்துப் பார்த்தால், நல்ல ஆர்க்கிடெக்ட் மனதுக்குள் கட்டடத்தை இப்படித்தான் பிரித்து வைத்திருப்பார்.

ஏன் நடக்கவில்லை? ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நடுவில் எடுத்தார்கள் என்பது ஒன்று. இருந்த கோப்புகள் எல்லாம் வெறும் கோடுகள், தளவாரியாகப் பிரியாதவை. ஒரே டி.டபிள்யூ.ஜி.க்குள் நான்கு தளமும் பக்கத்தில் பக்கத்தில் வரையப்பட்டிருந்தன. அதைப் பிரிப்பதே தனி வேலை. அடுத்தது, அந்தத் தொகுப்பின் சுவர், கதவு போன்ற பொருள்களைப் பயன்படுத்தினால், அவற்றைக் காட்டும் துணைநிரல் இல்லாத கணினியில் கோப்பு சரியாகத் தெரியாது. ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் சாதாரண ஆட்டோகேடாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அதோடு, கோப்புகளை நேவிகேட்டருக்குள்ளிருந்துதான் பெயர் மாற்ற வேண்டும், நகர்த்த வேண்டும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் போய் ஒருவர் ஃபோல்டர் பெயரை மாற்றியதும் எல்லா எக்ஸ்ரெஃப்பும், அதாவது ஒரு கோப்புக்குள் இணைத்துக் காட்டும் வேறு கோப்புகளும், காணாமல் போயின.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு நாள் முழுக்க எல்லா மெனுவையும் காட்டிவிட்டுப் போயிருந்தார். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் யாரும் அதைத் திறக்கவில்லை.

புதிய திட்டத்தை முதல் கோட்டிலிருந்து தொடங்குகிற அலுவலகத்துக்குப் பிராஜெக்ட் நேவிகேட்டரை நான் இன்றும் பரிந்துரைப்பேன். இந்த அலுவலகத்துக்கு அன்றைய நிலையில் வேண்டியிருந்தது, வரையும் முறையைத் தொடாமல் எண்களை மட்டும் ஒரே இடத்தில் கட்டிப்போடுகிற ஒன்று.

டைட்டில் பிளாக்கிலிருந்து

ஷீட் செட் மேனேஜர் ஆட்டோகேட் 2005 பதிப்பில் வந்தது. கண்ட்ரோலையும் 4ஐயும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். இத்தனை ஆண்டாகக் கையருகில் இருந்தும், நான் போகிற அலுவலகங்களில் பெரும்பாலானவை அதைத் திறந்தே பார்த்ததில்லை. தெரியாமல் அழுத்தித் திறந்துகொண்டால் எரிச்சலோடு மூடுவார்கள்.

அது செய்வது இவ்வளவுதான். டி.எஸ்.டி. என்ற முடிவுடன் ஒரு சிறிய கோப்பு. அதற்குள் வரைபடம் எதுவும் கிடையாது. எந்த டி.டபிள்யூ.ஜி.யின் எந்த லேஅவுட் (அச்சிடும் தாளின் அமைப்பு) எந்த எண்ணுள்ள ஷீட், அதன் தலைப்பு என்ன, ரிவிஷன் என்ன, எந்தத் தேதி என்ற விவரம் மட்டும் இருக்கும். வரைபடத்தில் இருக்கும் எழுத்துகள் ஃபீல்டு மூலமாக அந்தக் கோப்பைப் பார்த்து மதிப்பை வாங்கிக்கொள்ளும். ரயில் நிலையத்தில் ஒரே அறையிலிருந்து மாற்றினால் எல்லா நடைமேடைப் பலகையும் மாறுகிறதே, அந்த மாதிரி.

பயிற்சியை மெனுவிலிருந்து தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஹெட் டிராஃப்ட்ஸ்மேனிடம் டைட்டில் பிளாக்கைக் கொடுத்து, இதில் எந்தெந்தக் கட்டத்தை நீங்கள் இனிமேல் கையால் அடிக்க விரும்பவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எதையுமே அடிக்க விரும்பலைங்க" என்றார். அப்புறம் பென்சிலால் குறித்தார். திட்டத்தின் பெயர், வாடிக்கையாளர், முகவரி ஆகிய மூன்றும் எல்லா ஷீட்டுக்கும் பொது. ஷீட் எண், தலைப்பு, ரிவிஷன், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர் ஆகியவை ஷீட்டுக்கு ஷீட் மாறும்.

ஷீட் செட்டின் மொத்த அமைப்பும் இந்தப் பென்சில் குறிப்புக்குள் வந்துவிட்டது. தனிப்பயன் பிராப்பர்ட்டி, அதாவது நாமே உருவாக்கும் ஒரு விவரம், சேர்க்கும்போது, அது செட்டுக்கு உரியதா ஷீட்டுக்கு உரியதா என்று மென்பொருள் கேட்கும். செட்டுக்கு உரியது என்றால் ஒருமுறை அடித்தால் போதும். ஷீட்டுக்கு உரியது என்றால் ஒவ்வொரு ஷீட்டிலும் தனி மதிப்பு. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். பென்சிலால் பிரித்துக் குறித்தவருக்கு அந்தக் கேள்வி வந்தபோது விளக்கமே தேவைப்படவில்லை.

ரிவிஷன் விஷயத்தில் ஒரு குறை உண்டு. ஷீட் பிராப்பர்ட்டியில் ரிவிஷன் எண், ரிவிஷன் தேதி என்று தயாராக இடம் இருக்கிறது, ஆனால் அது கடைசி ரிவிஷனுக்கு மட்டும். நம் ஊர் டைட்டில் பிளாக்குகளில் ஆர்0, ஆர்1, ஆர்2 என்று வரிசையாக, ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்ற குறிப்போடு ஒரு சிறு அட்டவணை இருக்கும். அது வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் ஷீட் பிராப்பர்ட்டி நாமே உருவாக்க வேண்டும். ஐந்து வரிக்கு உருவாக்கினோம். ஐந்தைத் தாண்டினால் மேலே இருக்கும் பழையதை எடுத்துவிட்டு வரிகளை நகர்த்துவது என்று வைத்துக்கொண்டார்கள். அழகான தீர்வு இல்லை. ஓடுகிறது.

மதிப்பு கொடுக்கப்படாத ஃபீல்டு வரைபடத்தில் நான்கு சிறு கோடுகளாகத் தெரியும். கோளாறான ஃபீல்டு நான்கு # குறிகளாகத் தெரியும். ஃபீல்டின் பின்னால் ஒரு சாம்பல் நிறம் இருக்கும், பிரிண்டில் வராது. பிரிண்டில் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் ஃபீல்டை எல்லாம் சாதாரண எழுத்தாக மாற்றிவிட்டிருந்தார். கண்டுபிடித்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது. சாம்பல் நிறம் இருந்தால்தான் அந்த எழுத்து உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அது இல்லாத எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படு என்று அதன்பிறகு எல்லோருக்கும் சொல்லிவைத்தோம். இதைவிடப் பயனுள்ள பாடம் அந்தப் பயிற்சியில் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பொறி: பழைய டைட்டில் பிளாக்கின் வரையறையில் ஃபீல்டைச் சேர்த்துவிட்டு ஒத்திசைத்தால், ஏற்கனவே வைக்கப்பட்ட பிளாக்குகளில் கையால் அடித்த பழைய மதிப்பு அப்படியே நிற்கும். வெளிப்பார்வைக்கு எல்லாம் மாறிவிட்டது போல இருக்கும். அதனால் புதிய பெயரில் புதிய டைட்டில் பிளாக் செய்து, ஒவ்வொரு ஷீட்டிலும் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தோம். சலிப்பான வேலை. அதை ஹெட் டிராஃப்ட்ஸ்மேனே கேட்டு வாங்கிக்கொண்டார். முடித்தபோது எந்த ஷீட்டின் எண் எங்கிருந்து வருகிறது என்பது அலுவலகத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு கோப்பு, ஒரு லேஅவுட்

ஒரே டி.டபிள்யூ.ஜி.யில் பத்துப் பன்னிரண்டு லேஅவுட் வைத்து வேலை செய்து பழகியவர்கள். ஷீட் செட்டுக்குள் அதையும் அப்படியே இறக்குமதி செய்யலாம், மென்பொருள் தடுக்காது. ஆனால் ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அதிலுள்ள மற்ற எல்லா ஷீட்டும் அடுத்தவருக்குப் படிக்க மட்டும்தான். ஆகவே ஒரு ஷீட்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்தோம். வரைவது ஒரு ஃபோல்டரில், தாள் இன்னொரு ஃபோல்டரில். தளப் பிளான் மாடல் கோப்பாக இருக்கும், ஷீட் கோப்பு அதை எக்ஸ்ரெஃப்பாக எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ரெஃப் பாதை எல்லாம் சார்புப் பாதை, அதாவது கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதை. 2018 பதிப்பிலிருந்து ஆட்டோகேடே அதைத்தான் இயல்பாக வைக்கிறது, ஆனால் அவர்களுடைய பழைய கோப்புகளில் எல்லாம் முழுப் பாதை இருந்தது.

இந்தப் பிரிவினை எதிர்பாராத ஒரு சிக்கலையும் தீர்த்தது. ஏழு கணினிகளில் இரண்டில் ஆட்டோகேட் எல்.டி.தான், வசதிகள் குறைந்த மலிவுப் பதிப்பு. அவர்களிடம் இருந்த எல்.டி.யில் ஷீட் செட் மேனேஜர் கிடையாது. முழுப் பதிப்புக்கு மாற்ற வேண்டுமோ என்று அலுவலகத் தலைவி கவலைப்பட்டார். தேவைப்படவில்லை. எல்.டி.யில் உட்காருபவர்கள் மாடல் கோப்புகளில் மட்டும் வரைவார்கள், ஷீட் ஃபோல்டரைத் தொட மாட்டார்கள். முன்பு வரைபவரே ஷீட் போட்டு, எண் போட்டு, பிரிண்ட் எடுத்து அனுப்புவார். இப்போது அனுப்புவது ஒருவர் பொறுப்பு.

குமிழிகள்

பிரச்சினை தொடங்கிய இடமே குமிழி என்பதால், கற்றலிலும் அதிக நேரம் அங்கேதான் போனது.

குமிழி தானாக எண் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, குமிழி பிளாக்கில் இருக்கும் எழுத்துகளில் ஷீட் செட்டுக்கான இடம்பிடி ஃபீல்டு இருக்க வேண்டும். இரண்டு, குமிழி சுட்டுகிற டீடெயில், ஷீட் செட்டுக்கு ஒரு வியூவாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதில்தான் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். கையால் வியூபோர்ட் (மாடலைத் தாளில் காட்டும் சாளரம்) வெட்டி, ஸ்கேல் கொடுத்து வைத்த டீடெயில் எதுவும் அந்தப் பட்டியலில் வராது. ஷீட்டின் லேஅவுட்டில் அந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்து வியூவாகச் சேமிக்க வேண்டும். அல்லது மாடல் கோப்பில் பெயரிட்ட வியூவை ஷீட் செட் மேனேஜரிலிருந்தே இழுத்து ஷீட்டில் வைக்க வேண்டும். இரண்டாவது வழியில் எக்ஸ்ரெஃப், வியூபோர்ட், கீழே வரும் தலைப்புப் பட்டை எல்லாம் ஒரே அடியில் வந்துவிடும். வைக்கும் நேரத்தில் வலது கிளிக் செய்தால் ஸ்கேல் பட்டியல் வரும், 1:20 வேண்டுமா 1:50 வேண்டுமா என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

எல்லா ஷீட்டையும் இப்படி மாற்ற இளைய ஆர்க்கிடெக்டுக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். குமிழிகள் சுட்டுவது 300 வரிசையில் இருக்கும் செக்‌ஷன்களையும் 500 வரிசையில் இருக்கும் டீடெயில்களையும்தான். அந்த இரண்டு வரிசையை மட்டும் மாற்றினால் போதும். பிளானும் எலிவேஷனும் பழைய வியூபோர்ட்டிலேயே இருக்கட்டும், எண்ணை டைட்டில் பிளாக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓடுகிற வேலையில் கருவியின் எல்லா வசதியையும் பயன்படுத்த நினைத்துத்தான் பல அலுவலகங்கள் பாதியில் விட்டுவிடுகின்றன.

(வரிசை எண்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் தேசிய கேட் தர ஏற்பாட்டில் 1 பிளான், 2 எலிவேஷன், 3 செக்‌ஷன், 5 டீடெயில் என்று வரும். முன்னால் வரும் ஏ கட்டடக்கலை, எஸ் ஸ்ட்ரக்சர். நம் ஊர் அலுவலகங்கள் பல இதை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே பின்பற்றுகின்றன.)

சோதனை விரைவிலேயே வந்தது. மேல்நிலைத் தொட்டியின் விவரத்துக்குப் புதிய ஷீட் தேவைப்பட்டது. 500 வரிசையின் நடுவில் நுழைத்தார்கள், வேண்டுமென்றே. ஷீட் செட் மேனேஜர் பின்னால் உள்ள எண்களைத் தானாகத் தள்ளிவிடாது. மறுஎண் இடும் பெட்டியில் ஒவ்வொன்றாக எண் கொடுத்து 'அடுத்து' பொத்தானை அழுத்திப் போக வேண்டும். முடிக்கும்வரை நடுவில் இரண்டு ஷீட்டுக்கு ஒரே எண் இருக்கும். எண் கொடுத்து முடித்து, இரண்டாம் தளப் பிளானைத் திறந்து, திரையை மறுபடி வரையச் சொல்லும் ரீஜென் கட்டளையைக் கொடுத்தார்கள். குமிழிகள் மாறின. ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ஒவ்வொரு குமிழியையும் சிவப்புப் பேனாவால் பிரிண்டில் டிக் அடித்துச் சரிபார்த்தார். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

மூடியிருக்கும் கோப்பில் ஃபீல்டு புதுப்பிக்கப்படாது என்பதும் அன்றே தெரிந்தது. திறக்கும்போது, சேமிக்கும்போது, ரீஜென் கொடுக்கும்போது, பிளாட் செய்யும்போதுதான் (அச்சிடும்போதுதான்) அது மதிப்பைக் கேட்கும். அதனால் வெளியீடு எப்போதும் ஷீட் செட் மேனேஜரிலிருந்தே பி.டி.எஃப்.ஆக எடுக்கப்பட வேண்டும், பழைய பி.டி.எஃப்.ஐ மறுபடி அனுப்பக்கூடாது என்ற விதி வந்தது. அதோடு இன்னொரு விதியும்: கட்டுமானத்துக்கு என்று ஜி.எஃப்.சி. முத்திரை போட்டு வெளியிட்ட பிறகு எந்த ஷீட்டின் எண்ணையும் மாற்றக்கூடாது. புதிய ஷீட் வந்தால் வரிசையின் கடைசியில்தான். மென்பொருள் எண்ணை மாற்றித் தரும்தான், ஆனால் சைட்டில் ஏற்கனவே தொங்கும் பிரிண்டை அது மாற்றாது.

டி.எஸ்.டி. இரண்டான கதை

வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஒருவருக்காகப் பிராஜெக்ட் ஃபோல்டரை இணையச் சேமிப்பில் ஒத்திசைத்து வைத்திருந்தார்கள். ஒரே வலையமைப்புக்குள் பலர் ஒரே ஷீட் செட்டைத் திறந்து வைத்திருக்கலாம், யாராவது மாற்றம் செய்யும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் பூட்டுக் குறி தெரியும், பிறகு விடுபடும். அந்தப் பூட்டு இணைய ஒத்திசைவின் வழியாக நம்பகமாகப் போய்ச் சேராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரிவிஷன் தேதியை மாற்றினார்கள். ஒத்திசைவு செயலி மோதலைக் கண்டு, இரண்டாவது நகல் ஒன்றை உருவாக்கிவிட்டது. ஒரு டி.எஸ்.டி.யில் பாதி ஷீட் ஆர்3, இன்னொன்றில் மீதி ஆர்3.

இந்த முறை சைட்டுக்குப் போவதற்கு முன்பே பிடிபட்டது. அட்டைத்தாளில் வைத்திருந்த ஷீட் பட்டியல் அட்டவணைதான் காட்டிக்கொடுத்தது. அந்த அட்டவணையை ஷீட் செட்டிலிருந்தே செருகலாம், எண், தலைப்பு, ரிவிஷன் எல்லாம் அதில் வரும். வலது கிளிக் செய்து புதுப்பிக்கச் சொன்னால் மாறிக்கொள்ளும். நாம் கையால் செய்த அலங்காரம் அப்போது போய்விடும், அது வேறு விஷயம். எக்ஸல் பட்டியலை அன்றே நிறுத்தியிருந்தார்கள். பட்டியலில் ரிவிஷன் கலந்து தெரிந்ததும் அனுப்பவிருந்தவர் நிறுத்திவிட்டார்.

டி.எஸ்.டி. கோப்பு இப்போது அலுவலகச் சர்வரில் மட்டும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் மாடல் கோப்புகளில் மட்டும் வேலை செய்கிறார், எல்.டி. கணினிக்காரர்களைப் போலவே. அவருக்கு இதில் வருத்தம் உண்டு.

யாருடைய கோப்பு

கற்றலில் மென்பொருளைவிடச் சிரமமாக இருந்தது இந்தக் கேள்விதான். டி.எஸ்.டி.யில் எண்ணை மாற்றும் அதிகாரம் யாருக்கு? ரெவிட் தெரிந்தவர் என்பதால் இளையவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தலைவி நினைத்திருந்தார். நான் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனைச் சொன்னேன். புது வசதியை வேகமாகப் பிடித்துக்கொள்வது இளையவர்தான். ஆனால் எந்த ஷீட் எப்போது யாருக்குப் போனது என்பது மூத்தவர் தலையில் இருந்தது. கருவிக்குள் போக வேண்டிய அறிவு அதுதான். இளையவருக்கு முதலில் முகம் வாடியது. பிறகு இருவரும் சேர்ந்துதான் வார்ப்புரு ஷீட்டையும் குமிழி பிளாக்கையும் செய்து முடித்தார்கள். "அண்ணா, இதைத் தொடாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இவரும், "தம்பி, அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒருதடவை காட்டு" என்று அவரும் சொல்லிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

ஃபோல்டர்களை வேலை நடப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம் என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 19650 சொல்லும் அதே நான்கு நிலை. 2018இல் வந்த அந்தத் தரத்தை முழுதாகப் பின்பற்றும் அளவு பெரிய வேலை இவர்களிடம் இல்லை. வெளியிட்டது என்ற ஃபோல்டருக்குள் தேதிவாரியாக பி.டி.எஃப். போகிறது, எதையும் மேலெழுதுவதில்லை. இவ்வளவு போதும்.

சைட்டில்

அலுவலகத்துக்குள் இருந்த சிக்கல் பெருமளவு அடங்கிவிட்டது. சைட்டில் அப்படிச் சொல்ல முடியாது. மேஸ்திரியின் கைப்பேசியில் வாட்ஸாப்பில் யாரோ எப்போதோ அனுப்பிய பி.டி.எஃப்.கள் குவிந்து கிடக்கின்றன. திரையைப் படமெடுத்து அனுப்பியவையும் உண்டு, அவற்றில் டைட்டில் பிளாக்கே தெரியாது. ஷீட் செட் மேனேஜரால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் செய்திருப்பது: ஒவ்வொரு வெளியீட்டின்போதும் புதிய ஷீட் பட்டியல் அட்டவணையை ஏ3 தாளில் எடுத்து சைட் அலுவலகச் சுவரில் ஒட்டுகிறார்கள். கையில் இருக்கும் டிராயிங்கின் ரிவிஷன் சுவரில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் வேலை செய்யக்கூடாது. சைட் இன்ஜினியர் இதைப் பின்பற்றுகிறார். சென்ட்ரிங் ஆட்கள் அவரைக் கேட்டுத்தான் வேலை செய்வார்கள், அதனால் அவர்களும். எலக்ட்ரீஷியன்கள் இன்னும் கைப்பேசியைப் பார்த்தே வேலை செய்கிறார்கள்.

அடுத்த வேலை ஒரு கல்யாண மண்டபம். புதிய ஷீட் செட் தொடங்கும்போது பழைய செட் ஒன்றை எடுத்துக்காட்டாகக் காட்டினால் அதன் பிரிவுகளும் பிராப்பர்ட்டிகளும் வந்துவிடும், ஷீட்டுகள் வராது. விடுதியின் செட்டை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். முதல் கோடு விழுவதற்கு முன்பே மாடல், ஷீட் என்று ஃபோல்டர் பிரிந்திருந்தது. தலைவி இப்போது பிராஜெக்ட் நேவிகேட்டரை மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். மண்டபத்துக்குத் தளம் இரண்டுதான், திரும்ப வரும் அறைகளும் குறைவு. அடுத்து ஒரு அடுக்குமாடி வேலை வந்தால் அப்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஸ்ட்ரக்சரல் டிராயிங்குகள் இன்னும் இந்தச் செட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. கன்சல்டன்ட் தன் அலுவலகத்தில் வேறு முறையில் வரைகிறார். ஆர்க்கிடெக்ட் பிளானில் எஸ்-201 என்று சுட்டும் குமிழிகளை இன்றும் கையால்தான் அடிக்கிறார்கள், அவற்றுக்கு மட்டும் வேறு நிறத்தில் ஒரு லேயர் வைத்து. ஜி.எஃப்.சி.க்குப் பிறகு எண்ணை மாற்றினால் மின்னஞ்சலில் சொல்லிவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.